கம்பெனிக்கு நாங்கள் யார்

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடைக்கு ஒரே வாரத்தில் இரண்டு நோட்டீஸ்கள் டைப் அடிக்க வந்தன. ஒன்று, கடலூரில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு முந்திரி வர்த்தகக் கம்பெனியைக் கண்டித்து எழுதியது. மற்றது, அதற்கு அந்தக் கம்பெனியே கொடுத்த பதில். இரண்டையும் அடித்தவள் நான்தான். கடை முதலாளிக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை. வாதியும் பிரதிவாதியும் நம் கஸ்டமர்தான், எழுத்துப்பிழை மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கண்டன நோட்டீஸின் தலைப்பு 'கருகிய கைகள்'. அந்தக் கைகளில் இரண்டு என் அக்காவுடையவை என்பது அவருக்குத் தெரியாது.

கம்பெனியின் பதில் நல்ல தமிழில் இருந்தது. யாரோ படித்தவர் நிதானமாக உட்கார்ந்து எழுதியிருந்தார். 'நாங்கள் வாங்குகிறோம், விற்கிறோம். கொட்டை உடைப்பது எங்கள் தொழிலன்று. உடைப்பவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர்.' அந்த வரிகளைச் சாவி உடைகிற வேகத்தில் அடித்தேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் விரலுக்குத்தான் தெரியும், அப்புறம்தான் வாய்க்கு. ஆனாலும் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். சம்பளம் அதற்குத்தானே.

சுனாமி வந்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. காடாம்புலியூருக்குப் பக்கத்தில் உள்ளடங்கிய ஊர். வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் முந்திரித் தோப்புதான், ஆனால் எதுவும் மாமாவுடையது இல்லை. அக்காவின் புருஷனை நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அக்காவும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவர் ஒரு லோடு ஆட்டோ ஓட்டினார். உள்ளூர்க் கொட்டை வருஷத்தில் சில மாதங்களுக்குத்தான் வரும். மிச்ச மாதங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொட்டை வந்து, தூத்துக்குடியில் இறங்கி, லாரியில் கடலூருக்கு வந்து சேரும். கம்பெனியின் கொடவுன் சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டி, குடிகாடு போகிற வழியில் இருந்தது. அங்கிருந்து மூட்டைகளை, கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த ஏஜெண்டின் வீட்டுக்குக் கொண்டுவருவது மாமாவின் வேலை. அந்தப் பக்கம் போய்விட்டு வந்தால் மூக்கைச் சிந்திக்கொண்டே, சிப்காட் நாத்தத்துக்கு நம்ம வீட்டு நாத்தம் எவ்வளவோ தேவலை என்பார்.

நம்ம வீட்டு நாத்தம் என்று அவர் சொன்னது கொட்டை வறுக்கிற புகையை. ஏஜெண்டு மூட்டையை எடை போட்டு வீடு வீடாகக் கொடுப்பார். பெண்கள் அதை டிரம்மில் போட்டு வறுத்து, சாம்பலில் புரட்டி, கருங்கல்லின் மேல் ஒவ்வொன்றாக நிறுத்தி மரக்கட்டையால் தட்டி உடைப்பார்கள். ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. அது பட்ட இடம் முதலில் எரியும், பிறகு கறுக்கும், பிறகு உரியும். உரிந்த இடத்தில் மறுபடியும் படும். கையில் உறை போட்டுக்கொண்டால் கொட்டை பிடிபடாது, பருப்பு நொறுங்கிவிடும், நொறுங்கினால் கூலி பாதி. அதனால் விளக்கெண்ணெயும் சாம்பலும்தான் உறை. கல்யாணமான இரண்டாம் வருஷமே அக்காவின் விரல்களில் ரேகை போய்விட்டது. மகளிர் குழுக் கணக்குக்குக் கட்டைவிரல் வைக்கச் சொன்னால் காகிதத்தில் வெறும் மைத்திட்டுதான் விழுந்தது. ரேகையே இல்லாத கைக்கு எந்த ஜோசியனாலும் கெட்ட பலன் சொல்ல முடியாது என்று மாமா கேலி செய்தார். அக்காவும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அக்காவுக்குக் கை ஒரு பொருட்டே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டிரம்மிலிருந்து எண்ணெய் தெறித்துக் கண்ணில் பட்டுவிட்டது. ஏஜெண்டு கையை விரித்துவிட்டார். கொட்டை கம்பெனியுடையது, கம்பெனியைப் போய்க் கேள் என்றார். அக்கா கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கடலூருக்குப் போனாள். மஞ்சக்குப்பத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். உள்ளே இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் பேர் எங்களிடம் இல்லையே அம்மா, நீங்கள் தப்பான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று மரியாதையாகச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து அனுப்பினாள். கண் ஆறிவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீரை அக்கா மறக்கவில்லை. திட்டி அனுப்பியிருந்தால்கூட மறந்திருப்பாள்.

இந்த இரண்டு நோட்டீஸ்களுக்கும் காரணமான தகராறு பெரிதானது 2010இல். வெளிநாட்டில் எங்கேயோ பேப்பரில் எழுதினார்களாம். முந்திரிப் பருப்பு விற்கிற பெரிய வர்த்தகக் கம்பெனிகள், அதை யார், எப்படி உடைக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை என்று. அங்கே வாங்குகிறவர்கள் கேள்வி கேட்க ஆரம்பிக்க, இங்கேயும் பற்றிக்கொண்டது. கடலூரிலும் சிதம்பரத்திலும் சுவர் முழுக்க போஸ்டர். கம்பெனி இல்லாவிட்டால் கொட்டை ஏது, கொட்டை இல்லாவிட்டால் கூலி ஏது என்று ஒரு கட்சி. லாபத்துக்கு மட்டும் கம்பெனி, புண்ணுக்கு நாங்களா என்று ஒரு கட்சி. எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டும் இருந்தன. ஏஜெண்டு, மாமாவுக்கு மச்சான் முறை. அவரைப் பகைத்துக்கொண்டால் மறுநாள் வண்டிக்கு லோடு கிடையாது என்று மாமா பயந்தார். அது பொய்யான பயம் இல்லை.

கண்டன நோட்டீஸ் போட்டவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். நோட்டீஸை வாங்க வந்தவரிடம், என் அக்காவும் கொட்டைதான் உடைக்கிறாள் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மேல வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்திருக்கிறோம், கம்பெனியிலிருந்தும் ஆள் வரச் சம்மதித்திருக்கிறார்கள், உங்கள் ஊர்ப் பெண்களைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டார். அவர்கள் பேச வேண்டாம், மேடை ஏறிக் கையைக் காட்டினால் போதும், மிச்சத்தை அந்தக் கைகளே பேசிவிடும் என்றார். படித்தவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வடலூர் வழியாகப் பஸ் பிடித்து ஊருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் உடைப்பதை நிறுத்தவில்லை. டொக், டொக் என்று தட்டிக்கொண்டே கேட்டாள். கையைக் காட்டுவதற்காகவா அவ்வளவு தூரம் வர வேண்டும், கேட்பதற்கு ஒன்று இருந்தால் வருகிறேன் என்றாள். என்ன கேட்பாய் என்றேன். மருந்துச் செலவு, ஷெட்டு, மெஷின் என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"நாங்க அவுங்க ஆளுங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும். அத மட்டும் சொல்லட்டும். மத்ததெல்லாம் பொறவு கேட்டுக்கலாம்."

மாமா வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. என் வண்டியில் மட்டும் போகாதீங்க, வேற வேன் பேசிக்குங்க என்று மட்டும் சொன்னார். அதுவே அவரிடமிருந்து வந்த பெரிய சம்மதம்.

கூட்டத்தன்று மண்டபத்து வாசலில் நான் காத்திருந்தேன். வேன் வந்து நின்றது. அக்கா முதலில் இறங்கினாள். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள், தலையில் பூ. அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் எல்லோரும் பீரோவில் இருந்த நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அக்கா என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அந்தக் கை சிவப்பாக இருந்தது. விரல் நுனிக்குத் தொப்பி, உள்ளங்கை முழுக்க அப்பி, புறங்கையில் வட்டம். ஒவ்வொருத்தியின் கையையும் பார்த்தேன். எல்லாக் கையிலும் மருதாணி.

என்னாக்கா இது என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வி புரியவே இல்லை.

"நாலு பேரு பாக்கப்போறாங்கன்னு நீதானே சொன்ன. அந்தக் கைய அப்பிடியேவா தூக்கிட்டு வருவாங்க?"

முந்தின நாளே தெருவில் எல்லோரும் சேர்ந்து இலை பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அரைத்திருக்கிறார்கள். ஒருத்திக்கொருத்தி வைத்துவிட்டிருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மருதாணி மெல்லிய தோலில் சுமாராகத்தான் பிடிக்கும். வெந்து வெந்து தடித்த தோலில்தான் நன்றாகப் பற்றும். எண்ணெய் தின்ற கறுப்பெல்லாம் அந்த அடர்ந்த சிவப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. இவ்வளவு சிவந்த கைகளை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. சிவந்தால் புருஷனுக்குப் பிரியம் அதிகம் என்பார்கள். அந்தத் தெருவில் அன்றைக்கு அத்தனை புருஷன்மார்களும் பிரியமானவர்கள்.

பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் மேடையில் அழைத்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்தவர் நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். கெட்டவர் என்று சொல்லும்படி எதுவும் அவரிடம் இல்லை. கூடவே ஒரு போட்டோகிராபரையும் கூட்டி வந்திருந்தார். பேராசிரியர் மைக்கைப் பிடித்து, இந்தத் தாய்மார்களின் கைகளைப் பாருங்கள் என்று உணர்ச்சியோடு சொல்ல, பெண்கள் வரிசையாக நின்று கையைத் தூக்கினார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போட்டோகிராபர் முன்னால் வந்து குனிந்தும் நிமிர்ந்தும் படம் எடுத்தார். அக்காவிடம் ஒரு தட்டுப் பருப்பைக் கொடுத்து, இரண்டு கையிலும் அள்ளிப் பிடிக்கச் சொன்னார். கையில் ஏதாவது பிடிக்கச் சொன்னால் பிடிப்பதுதானே மரியாதை. அவள் பிடித்தாள்.

இந்தக் கைகளையா கருகிய கைகள் என்று நோட்டீஸ் போட்டீர்கள் என்று கம்பெனிக்காரர் கேட்டார். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார். பேராசிரியர் வியர்த்துப்போய், கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று பெண்களை அனுப்பினார். மண்டபத்தின் பின்னால், சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில், வரிசையாகக் குழாய்கள். நானும் கூடப் போனேன். சோப்பு போட்டுத் தேய்த்தார்கள். சுவரில் உரசினார்கள். மருதாணி என்ன, சேறா? தண்ணீரில் போக. அக்காவின் பழைய வெடிப்புகள் திறந்துகொண்டு ரத்தம் வந்தது. அந்தச் சிவப்பில் ரத்தம் எது என்றுகூடத் தெரியவில்லை. போதும் விடு என்று நான் அழுதேன். அவள் அழவில்லை.

ஈரக்கையோடு திரும்பிப் போய் மேடைக்குக் கீழே நின்று, கேட்க வந்ததை அவள் கேட்டாள்.

"நாங்க உங்க ஆளுங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க சார்."

"நீங்க நல்ல தொழிலாளிங்கம்மா. ஆனா எங்க தொழிலாளிங்க இல்ல" என்றார் அவர்.

மறுநாள் பேப்பரில் சிவந்த கைகளின் படம் வந்தது. தகராறு அதோடு அடங்கிவிட்டது. பேராசிரியர் கடைக்கு வந்தபோது, நம் பெண்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று சலித்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி அடித்திருப்பேன். காட்டச் சொன்னால் அலங்கரித்துக் காட்டுவதுதான் எங்கள் ஜனங்களின் வழக்கம். பெண் பார்க்க வந்தாலும், அதிகாரி வந்தாலும், சாமியே வந்தாலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஓட்டை வீட்டுக்கும் விருந்தாளி வந்தால் வெள்ளையடிப்போம். இது அவருக்குத் தெரியாமல் போனதை விட, அந்தத் தெருவில் பிறந்து வளராவிட்டாலும் அங்கே உண்டு உறங்கிய எனக்குத் தோன்றாமல் போனதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு அந்தக் கைகள் என்னை விடவில்லை. பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடித்த கைகளுக்கு நடுவே ஒரு சிவந்த கை தெரிந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். கல்யாண வீட்டில் சந்தனம் நீட்டுகிற பெண்ணின் உள்ளங்கையைப் பார்த்தால் அந்தச் சந்தனம் எனக்கு வேண்டாம். கடையில் தனியாக டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது சில சமயம் சாவிகளின் சத்தம் மாறிவிடும். டொக், டொக் என்று கல்லில் விழுகிற சத்தமாகக் கேட்கும். நிறுத்திப் பார்ப்பேன். நிறுத்திய பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கும். முதலாளி என்னம்மா உட்கார்ந்துவிட்டாய் என்பார். கை வலிக்கிறது என்பேன்.

அடுத்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் வந்தது. வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் பொங்கல் சமயத்தில்தான் நான் ஊருக்குப் போக முடிந்தது. தோப்புகள் தரையோடு படுத்திருந்தன. வேர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஊரில் நான் கொட்டை உடைக்கிற சத்தம் கேட்காமல் நின்றது அதுதான் முதல் தடவை. கூரையின் ஷீட்டுகள் பறந்துபோன வீட்டில் அக்காவும் மாமாவும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். வேலை இல்லாமல் அக்காவின் கைகள் மடியில் கிடந்தன. மருதாணி எப்போதோ போய்விட்டது. கறுப்பு அப்படியே இருந்தது.

அன்றைக்குக் கம்பெனியின் வேன் நிவாரணப் பைகளோடு தெருவுக்கு வந்தது. அரிசி, பாய், மெழுகுவத்தி. அதோடு ஒரு சின்ன முந்திரிப் பருப்புப் பாக்கெட். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறான் பார் என்று மாமா சிரித்தார். இரண்டாவது படிக்கிற அக்கா மகள் பாக்கெட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது உன் கை" என்றாள்.

மருதாணி வைத்த இரண்டு கைகள் வெள்ளைப் பருப்பை அள்ளி நீட்டிக்கொண்டிருந்தன. மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது. இடது ஆள்காட்டி விரலில் கட்டை பட்டு நசுங்கிய நகம். ஒரு வருஷத்துக்கும் மேலாக எதைப் பார்க்கக் கூடாது என்று நான் முகத்தைத் திருப்பித் திருப்பி நடந்தேனோ, அது பாக்கெட்டின் மேல் அச்சாகி வீடு தேடி வந்துவிட்டது. படத்துக்குக் கீழே இருந்த வரியைக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'எங்கள் குடும்பப் பெண்களின் கைகளிலிருந்து.'

இன்னொரு தடவை படி என்றாள் அக்கா. படித்தாள். அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

"பாத்தியாடி, ஒத்துக்கிட்டாங்க."

அது வியாபாரத்துக்குப் போட்ட வார்த்தை என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி வரிகளைத் தினம் அடிக்கிறவள் நான். அதை அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை பாக்கெட்டைப் பிரிக்காமல் மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு அக்கா கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அதே கண்ணாடிக் கதவு ஆபீஸ். உள்ளே ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். அக்கா பாக்கெட்டை மேஜை மேல் வைத்து, இது என் கை, நாங்கள் உங்கள் குடும்பம் என்று இதில் போட்டிருக்கிறது, கூரைக்கு ஏதாவது உதவி வேண்டும், கைக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று, வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைத் தடுமாறாமல் சொன்னாள். பிறகு இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

அவன் படத்தைப் பார்த்தான். மேஜை மேல் இருந்த கைகளைப் பார்த்தான். வெடித்து, கறுத்து, தோல் உரிந்த கைகள். மறுபடியும் படத்தைப் பார்த்தான். நசுங்கிய நகத்தை நான் காட்டினேன். கொட்டை உடைக்கிறவர்கள் எல்லோருக்கும்தான் நகம் நசுங்கியிருக்கும் என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

"இது உங்க கை இல்லம்மா" என்றான்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பண்ருட்டி வரைக்கும் கைகளை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அந்தக் கம்பெனியை, அந்தப் பையனை, பேராசிரியரை, வாயில் வந்தபடியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். அவள் என்னைக் கையமர்த்தினாள். அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை.

"எந் தப்புடி. மருதாணி வச்சிக்கிட்டு வந்திருக்கணும்."